வழிநடைக்குக் கூலி யார் தருவது?

“தொழிலாளிக்கு வேலையில் மனம் ஒட்டுவதில்லை.” ஆலை முதலாளி இதைச் சொல்கிறார். பண்ணை மிராசுதார் சொல்கிறார். சர்க்கார் உத்தியோகஸ்தரும் தலையை ஆட்டுகிறார். நேரத்துக்கு வருவதில்லை, வந்தாலும் மந்தமாக நிற்கிறான், பொங்கலுக்கு ஊருக்குப் போனால் பத்து நாள் திரும்புவதில்லை, அடுத்த சீசனுக்குப் பார்த்தால் ஆளே வேறு. இப்படி ஒரு நீண்ட குற்றப் பத்திரிகை!

இந்தக் குற்றப் பத்திரிகையை வாசிக்கிற கனவான்கள் ஒரு விஷயத்தை மட்டும் விசாரிப்பதில்லை. அந்தத் தொழிலாளி வேலைத் தலத்துக்கு எப்படி வந்து சேர்ந்தான்? எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினான்? வண்டிச் சத்தம் யார் கொடுத்தது? இந்த இடத்துக்குத்தான் வர வேண்டும் என்று முடிவு செய்தது அவனா, வேறொருவனா?

பட்டணத்துக் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் இந்தக் கேள்வியை இப்போது கேட்கிறார்கள். 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது அந்த ஊழியர்கள் வீட்டிலிருந்தே வேலை செய்தார்கள். நோய் தணிந்ததும் “ஆபீசுக்குத் திரும்பி வா” என்று நிர்வாகங்கள் உத்தரவு போட்டன. ஊழியர்கள் முணுமுணுத்தார்கள். உடனே பேராசிரியர்கள் ஆராய்ச்சியில் இறங்கினார்கள். சீனாவில் டிரிப்.காம் என்ற பிரயாண ஏற்பாட்டுக் கம்பெனியில் 1,612 ஊழியர்களை வைத்து ஒரு சோதனை நடந்தது. அதன் முடிவு 2024இல் ‘நேச்சர்’ என்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளிவந்தது. வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை செய்யலாம் என்று விட்டுப் பார்த்தார்கள். வேலையை உதறிவிட்டுப் போகிறவர்களின் தொகை மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வேலை கெட்டதா என்றால், கெடவில்லை. யாருக்கு இதனால் அதிகப் பலன்? பெண்களுக்கு, மேனேஜர் அல்லாத சாதாரண ஊழியருக்கு, நெடுந்தூரத்திலிருந்து வந்து போகிறவருக்கு.

நல்லது. பேனா பிடிக்கிற ஊழியனுக்கு ஒரு நியாயம் கிடைப்பதைக் கண்டு நமக்குப் பொறாமை இல்லை. அவனும் கூலிக்கு உழைப்பவனே. ஆனால் மில் தொழிலாளியைப் பற்றியும், கரும்பு வெட்டும் ஆளைப் பற்றியும் பேச்சு வரும்போது மட்டும் இந்த ஞானம் எங்கே ஓடி ஒளிந்துகொள்கிறது?

“தறியை வீட்டுக்குத் தூக்கிப் போக முடியுமா? கரும்புக் காட்டை மடித்து மடியில் கட்டிக்கொள்ள முடியுமா?” என்று கேட்பார்கள். முடியாதுதான். ஆனால் அந்தச் சோதனை காட்டுவது, வீட்டில் உட்கார்ந்தால் மனிதனுக்கு உற்சாகம் பிறக்கும் என்பது மட்டும் அல்ல. அங்கே நடந்தது இரண்டு காரியம். வழியில் வீணாகும் நேரம் குறைந்தது. எங்கே இருந்து வேலை செய்வது என்பதில் ஊழியனுடைய இஷ்டத்துக்கும் ஓர் இடம் கிடைத்தது. இந்த இரண்டும் தறிக்கும் பொருந்தும், கரும்புக்கும் பொருந்தும்.

பன்னிரண்டரை நாள்

கள்ளக்குறிச்சிப் பக்கத்து நிலைமையைப் பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி ஜில்லாவான பகுதி இது. மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள். ஊருக்கு ஊர் அரிசி ஆலைகள். சின்னசேலம் பக்கம் ஆத்தூர் வரைக்கும் மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் ஜவ்வரிசி ஆலைகள். மேற்கே பார்த்தால் கல்வராயன் மலை. விடியற்காலையில் எந்தக் கிராமத்துச் சாலையில் நின்று பார்த்தாலும் ஒரே காட்சிதான். சரக்கு ஏற்றும் வண்டியில் நாற்று நடப் போகும் பெண்கள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் மூன்று பேர். பஸ் நிறுத்தத்தில் தூக்குச் சட்டியோடு ஒரு கூட்டம். நட வேண்டிய வயல் பத்து மைல், இருபது மைலுக்கு அப்பால் இருக்கிறது. உள்ளூரிலே வேலை இல்லை.

ஒரு சின்னக் கணக்குப் போடலாம். மலையடிவாரக் கிராமத்திலிருந்து ஒரு தொழிலாளி போக இரண்டு மணி, வர இரண்டு மணி பிரயாணம் செய்து ஓர் ஆலையில் வேலை பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். நாளைக்கு நாலு மணி நேரம். மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் நூறு மணி. அதை எட்டு மணி நேர வேலை நாளாக வகுத்துப் பாருங்கள்: பன்னிரண்டரை நாள்! மாதா மாதம் பன்னிரண்டரை நாள் சம்பளமில்லாத உழைப்பு. இது மட்டுமா? அந்தப் பன்னிரண்டரை நாளுக்கு வண்டிச் சத்தமும் அவன் கையிலிருந்துதான் போகிறது. உழைக்கவும் செய்து, உழைப்பதற்குக் காசும் கட்டுகிறான்!

எட்டு மணி நேர வேலைக்காகச் சிகாகோவில் 1886இல் ரத்தம் சிந்தினார்கள். நம்முடைய சிங்காரவேலர் 1923இல் சென்னைக் கடற்கரையில் மே தினக் கொடியை ஏற்றினார். 2023 ஏப்ரலில், தமிழ்நாட்டுச் சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியபோது, தொழிற்சங்கங்கள் எல்லாம் ஒன்றாக எதிர்த்து நின்றன. மே தினத்தன்று அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். அது நம்முடைய ஐக்கியத்துக்குக் கிடைத்த வெற்றி. ஆனால் தோழர்களே, ஆலைக்குள்ளே எட்டு மணி, வழியிலே நாலு மணி. கூட்டினால் என்ன வருகிறது? சட்டசபையில் தோற்ற பன்னிரண்டு மணி நேரம் சாலை வழியாகச் சத்தமில்லாமல் நுழைந்துவிட்டது.

ஆலையின் கணக்கு கேட்டில் ஆரம்பிக்கிறது. தொழிலாளியின் கணக்கு அடுப்படியில் ஆரம்பிக்கிறது. மூன்று மணிக்கு எழுந்து சோறாக்கி, பிள்ளைக்குப் பாத்திரத்தில் எடுத்து வைத்து, ஐந்து மணி வண்டியைப் பிடித்து வந்து நிற்கிற பெண்ணைப் பார்த்து “ஏம்மா, தூங்கி வழிகிறாய்?” என்று சூப்பர்வைசர் அதட்டுகிறார். அவளுக்கு அன்று வேலை தொடங்கி ஐந்து மணி நேரம் ஆகிவிட்டது என்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவருடைய ரிஜிஸ்தரில் அதற்குக் கட்டம் இல்லை.

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை என்று ஆயிற்று. இதை ‘ஓசிப் பிரயாணம்’ என்று ஏளனம் செய்தவர்கள் உண்டு. இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரி 888 ரூபாய் மிச்சம் என்று மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. இத்தனை காலமும் வேலைக்குப் போவதற்காக அந்தப் பெண் மாதா மாதம் கட்டி வந்த வரி இது என்று திருப்பிப் படியுங்கள், விஷயம் விளங்கும். ஆனால் பஸ் ஓடினால்தானே இலவசம்? பஸ்ஸே போகாத மலைக் குக்கிராமத்தில் இலவச டிக்கெட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஜாகீர் போய்த் தரகன் வந்தான்

கல்வராயன் மலை கடல் மட்டத்துக்கு இரண்டாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. வெள்ளிமலை அங்கே தாலூகா தலைநகர். மேற்குச் சரிவில் கருமந்துறைப் பக்கம் சேலம் ஜில்லாவைச் சேர்ந்தது. மலையாளி என்ற பெயர் கொண்ட பழங்குடி மக்கள் (கேரளத்தாரைச் சொல்லவில்லை, மலையை ஆள்கிறவர் என்று பொருள்) சாமையும் தினையும் மரவள்ளியும் விளைவித்து, காட்டில் கடுக்காய் பொறுக்கி, தேன் எடுத்துப் பிழைத்து வந்தார்கள்.

இந்த மலையை மூன்று ஜாகீர்தார்கள் ஆண்டார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. ஆனால் கீழே நாடு சுதந்திரக் கொடியை ஏற்றிக் கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் மலையிலே ஜாகீர்தாருக்கு ஊழியம் நடந்துகொண்டிருந்தது. 1976இல்தான் அந்தக் கொத்தடிமை விலங்கு ஒடிந்தது. அந்த ஊழியத்தில் ஜாகீர்தார் சொன்ன இடத்துக்குத்தான் போக வேண்டும், சொன்ன நாளில்தான் போக வேண்டும். எந்த நிலத்தில், எந்தப் பொழுதில், எந்த வேலை என்பதில் உழைக்கிறவனுக்கு வாய் இல்லை.

ஜாகீர் போயிற்று. மலையிலே வேலை வந்ததா? வரவில்லை. அதற்குப் பதிலாகத் தரகன் வந்தான். கையில் முன்பணம், வாசலில் வேன். கேரளத்து மிளகுத் தோட்டம், குடகுக் காப்பித் தோட்டம், செங்கல் சூளை, கட்டட வேலை, திருப்பூர் என்று எந்தத் திசைக்கும் ஆள் பிடிக்கிறான். பெண்ணின் கல்யாணத்துக்கோ, ஆஸ்பத்திரிச் செலவுக்கோ வாங்கிய பத்தாயிரம், இருபதாயிரம் ஒரு குடும்பத்தையே ஆறு மாதத்துக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போகிறது. எங்கே போகிறோம் என்பது வேன் நிற்கும்போதுதான் சிலருக்குத் தெரிகிறது.

அந்த வேன் எங்கெல்லாம் போய் நிற்கும்? 2015 ஏப்ரல் 7ஆம் தேதி திருப்பதிக்கு அருகே சேஷாசலம் காட்டில் ஆந்திரப் போலீஸ் இருபது மரம்வெட்டிகளைச் சுட்டுக் கொன்றது. பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி ஜில்லாக்களின் மலைகளைச் சேர்ந்த ஏழைகள். 2018 பிப்ரவரியில் கடப்பை ஜில்லா ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து பிணங்கள் மிதந்தன. ஐவரும் கல்வராயன் மலையில் சேலம் பக்கத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். செம்மரத்தை விற்றுக் கோடி கோடியாகச் சேர்த்தவன் எவனும் அந்த ஏரியில் மிதக்கவில்லை. கோடாரி பிடிக்கக் கூலிக்குப் போனவன்தான் மிதந்தான்.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். செத்தவர்களில் மிகப் பலர் அன்றாடக் கூலிகள், மூட்டை தூக்குகிறவர்கள். அதன் பிறகுதான் சென்னை ஐக்கோர்ட்டு கல்வராயன் மலை மக்களின் வாழ்க்கை நிலைமையைப் பற்றித் தானாகவே வழக்கு எடுத்து, ரோடு எங்கே, ஆஸ்பத்திரி எங்கே, பள்ளிக்கூடம் எங்கே என்று சர்க்காரைக் கேட்டது. கேட்டது நல்லதே. அறுபது பிணம் விழுந்த பிறகு கேட்க வேண்டியிருந்தது என்பதை எண்ணும்போதுதான் நெஞ்சு கொதிக்கிறது.

சுவருக்கு உள்ளே படி, வெளியே கடன்

இனி ஒரு விஷயத்தை ஆலைத் தொழிலாளித் தோழர்கள் கூர்ந்து கவனிக்க வேண்டும். இது நம் வீட்டுக்குள்ளேயே இருக்கும் விஷயம்.

சர்க்கரை ஆலை வருஷம் முழுவதும் ஓடுவதில்லை. கரும்பு வரும் மாதங்களில் அரவை. மற்ற மாதங்களில் ஓய்வு. சீசன் தொழிலாளிக்கு அந்த ஓய்வு மாதங்களில் ஒரு தொகை உண்டு. ரிடென்ஷன் அலவன்ஸ் என்பார்கள். அடுத்த சீசனுக்கு அந்தத் தேர்ந்த கை வேறெங்கும் போய்விடாமல் இந்த ஆலையோடு ஒட்டியிருக்க வேண்டும். அதற்காக நிர்வாகம் கொடுக்கும் படி அது. யாரும் தானமாகத் தரவில்லை. சங்கம் வைத்துப் போராடி, சம்பள போர்டுகளின் முன் வாதாடிப் பெற்ற உரிமை. தொழிலாளியை வேலையோடு ஒட்ட வைப்பது முதலாளியின் செலவு என்ற கொள்கை அங்கே ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்டது.

ஆலைச் சுவருக்கு வெளியே வாருங்கள். அதே சீசன். அதே கரும்பு. அதை வெட்டுகிற ஆளும் அடுத்த சீசனுக்குத் திரும்பி வரவேண்டும். அவனை ஒட்ட வைக்க என்ன ஏற்பாடு? மேஸ்திரி கொடுக்கும் முன்பணம்! உள்ளே இருப்பவனுக்குப் படியாக வருவது வெளியே இருப்பவனுக்குக் கடனாக வருகிறது. உள்ளே அவனுடைய உரிமை; வெளியே அவன் கழுத்தில் கயிறு. “நீ யாருடைய ஆள்?” என்று கேட்டால் ஆலை சொல்கிறது: “வெட்டுக் கூலி கரும்புக்காரர் பொறுப்பு.” கரும்பு விவசாயி சொல்கிறார்: “வெட்டு உத்தரவு கொடுப்பது ஆலை, எனக்கே பணம் பாக்கி.” மேஸ்திரி சொல்கிறார்: “நான் ஆளைக் கொண்டுவந்து விட்டதோடு சரி.” மூன்று பேரும் கையைக் கழுவிவிட்டார்கள். கூடாரம் போட்ட இடத்துக்குத் தண்ணீர் கொண்டுவருவது யார், கரும்புச் சோகை கண்ணைக் கிழித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது யார் என்பதற்குப் பதில் இல்லை.

மராட்டியத்தில் பீட் ஜில்லாவில் இந்த முறை எந்த எல்லைக்குப் போயிற்று தெரியுமா? அங்கே புருஷனும் பெண்டாட்டியும் ஒரே ‘அரிவாள்’ என்று எண்ணி முன்பணம் கொடுக்கிறார்கள். ஒரு நாள் வராவிட்டால் அபராதம். மாதவிலக்கு வந்தாலும் படுக்க முடியாது. 2019இல் அந்த மாநில சர்க்கார் அமைத்த குழு எண்பத்திரண்டாயிரம் கரும்பு வெட்டும் பெண்களை விசாரித்ததில், பதின்மூன்றாயிரத்துக்கு மேற்பட்டோர் கருப்பையையே எடுத்துவிட்டிருந்தனர். வேலையில் மனம் ஒட்டவில்லை என்று இவர்களைப் பார்த்தும் சொல்வார்களா? உடம்பையே அறுத்துக் கொடுத்தாயிற்றே!

முன்பணத்தால் மனிதனை ஓர் இடத்தில் கட்டிப்போடுவது புதிய கண்டுபிடிப்பு அல்ல. முன்பணம் வாங்கியவன் வேலையை விட்டுப் போனால் ஜெயில் என்று வெள்ளைக்காரன் 1859இல் சட்டமே செய்தான். 1925இல்தான் அதை ரத்து செய்தார்கள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் நம் தமிழ்த் தொழிலாளி ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவன் கடனைக் குறித்த ‘துண்டு’ வேண்டும். கடனைப் புதிய துரை கட்டினால்தான் ஆள் நகரலாம். கப்பலேறி வந்த செலவும் அந்தக் கடனில் சேர்த்தி! வழிநடைச் செலவை வழி நடந்தவன் தலையிலேயே எழுதிய கணக்கு. அந்தத் துண்டு முறை 1921இல் சட்டத்தால் ஒழிந்தது. ஆனால் நம் ஊரில் இன்றைய வேன்காரன் வேன் வாடகையை முன்பணத்தில் சேர்த்து எழுதும்போது, அந்தப் பழைய கங்காணியின் கையெழுத்துத்தான் கண்ணில் படுகிறது.

1976ஆம் வருஷத்துக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் இந்த விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. சங்கிலி போட்டுக் கட்டியிருந்தால்தான் கொத்தடிமை என்று அது சொல்லவில்லை. கடனுக்காக ஒருவன் வேறு வேலைக்குப் போகும் சுதந்திரத்தை இழந்தால், நாட்டில் இஷ்டப்பட்ட இடத்துக்கு நடமாடும் உரிமையை இழந்தால் அதுவே கொத்தடிமை. ஆகவே எங்கே வேலை செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை பெரிய ஆபீஸ் ஊழியனுக்கு மட்டும் உரிய சொகுசு அல்ல. சுதந்திரத் தொழிலாளியையும் அடிமையையும் பிரித்துக் காட்டும் கோடே அதுதான்.

போகக் கூடாது என்பதா?

இங்கே ஒரு நண்பர் குறுக்கிடலாம். “அப்படியானால் மலைக்காரன் மலையிலேயே கிடக்க வேண்டுமா? வெளியூர் போனால்தானே நாலு காசு பார்க்கிறான்? உலகம் தெரிகிறது?”

நியாயமான கேள்வி. அயலூருக்குப் போய் வேலை செய்வதே தீமை என்று நாம் சொல்லவில்லை. ஊரை விட்டு வந்தவர்கள்தான் மில் தொழிலாளிகள் ஆனார்கள். அவர்கள்தான் சங்கம் கட்டினார்கள். திருப்பூரில் ஒரு வருஷம் இருந்துவிட்டுத் திரும்பிய இளைஞன் உள்ளூர்ப் பண்ணையில் “இந்தக் கூலி கட்டாது” என்று நிமிர்ந்து சொல்கிறான். அந்த நிமிர்வு பிரயாணம் கொடுத்தது. பண்ணையாருக்குக் கசப்பாக இருக்கும், நமக்கு இனிப்புத்தான். தொழில் கற்று, கூலி பேசி, டிக்கெட் வாங்கி, பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம் என்ற தைரியத்தோடு போகிறவன் வேறு. கடன் பத்திரத்தில் கைநாட்டு வைத்து, பெண்டு பிள்ளைகளோடு ராத்திரி வேனில் ஏறுகிறவன் வேறு. இருவரும் ஒரே மலைச் சாலையில்தான் இறங்குகிறார்கள். முதல் ஆள் போன இடத்தில் வேலை கற்பான். இரண்டாவது ஆள் நாள் எண்ணுவான். அவனைப் பார்த்து “மனம் ஒட்டவில்லை” என்றால், ஒட்டாமல் இருப்பதுதான் மனித சுபாவம்.

போகாமல் இருக்கும் உரிமை இருந்தால்தான் போகும் உரிமைக்கும் அர்த்தம் உண்டு. அதற்கு ஊரிலே வேலை வேண்டும். 2005ஆம் வருஷத்து ஊரக வேலை உறுதிச் சட்டத்தில் ஒரு சின்ன விதி இருந்தது. வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் வேலை கொடுக்க வேண்டும். அதற்கு மேல் போகச் சொன்னால் பத்து சதவிகிதம் கூடுதல் கூலி. வழிநடைக்கும் கூலி உண்டு என்று பார்லிமெண்டே ஒப்புக்கொண்ட விதி! 2025–26இல் தமிழ்நாட்டுக்கு அந்த வேலையின் நாள் கூலி 336 ரூபாய். பெரிய தொகை அல்ல. ஆனால் தரகனின் முன்பணத்தைத் தள்ளிவிட்டு “நான் வரவில்லை, போ” என்று சொல்ல ஒரு பெண்ணுக்கு அது போதுமானதாக இருந்தது. “நூறு நாள் வேலையால் ஆள் கிடைக்கவில்லை, ஜனங்கள் சோம்பேறியாகிவிட்டார்கள்” என்று நிலச்சுவான்தார்கள் புலம்பியதன் ரகசியமும் இதுதான். பக்கத்தில் வேலை இருந்ததால் கூலியைப் பேச முடிந்தது.

அந்தச் சட்டத்தை 2025 டிசம்பரில் மத்திய சர்க்கார் மாற்றிவிட்டது. புதிய சட்டத்தில் நூற்றிருபத்தைந்து நாள் என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கூடவே, விதைப்பும் அறுவடையும் நடக்கும் காலத்தில் அறுபது நாள் வேலையை நிறுத்தி வைக்கவும் வழி வைத்திருக்கிறார்கள். செலவில் நாற்பது சதவிகிதத்தை மாநிலங்களின் தலையில் ஏற்றியிருக்கிறார்கள். அறுவடைக் காலத்தில் பக்கத்து வேலை நின்றால் கூலி பேசும் வாயும் அடைபடும். யாருக்கு வேண்டிய அறுபது நாள் இது என்று விவசாயத் தொழிலாளிக்கு விளக்க வேண்டியதில்லை.

வெளிமாநிலம் போகிறவர் விஷயத்திலும் இதே கதை. 1979இல் வந்த சட்டம், கண்டிராக்டர் அழைத்துப் போகும் வெளிமாநிலத் தொழிலாளிக்கு மாதச் சம்பளத்தில் பாதியை இடப்பெயர்ச்சிப் படியாகத் தர வேண்டும், போகவர வண்டிச் சத்தம் தர வேண்டும், பிரயாண நாட்களுக்கும் கூலி தர வேண்டும் என்றது. அமுல் நடத்தினார்களா என்பது வேறு விஷயம், ஏட்டிலாவது இருந்தது. 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு, தானாகப் புறப்பட்டுப் போகிறவரையும் வெளிமாநிலத் தொழிலாளியாகக் கணக்கில் சேர்த்துக்கொண்டது. போகவரச் சத்தத்தையும் வைத்துக்கொண்டது. ஆனால் அந்த இடப்பெயர்ச்சிப் படியைக் காணோம்! மாநிலத்துக்கு உள்ளேயே, வெள்ளிமலையிலிருந்து திருப்பூருக்குப் போகிறவருக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. ஜில்லா எல்லையைத் தாண்டினால் வயிறு வேறாகிவிடுமா, மாநில எல்லையைத் தாண்டினால்தான் பசிக்குமா?

மலையிலே வேலைக்கு வழி இல்லாமலா இருக்கிறது? மரவள்ளிக் கிழங்கு பச்சையாக லாரியில் கீழே இறங்குகிறது. அதை அரைக்கும் ஆலை கீழே இருப்பதால் கிழங்குக்குப் பின்னாலேயே மனிதனும் இறங்குகிறான். கிழங்கைச் சீவி உலர்த்துவதும், சாமை குத்துவதும், கடுக்காய் தரம் பிரிப்பதும் மலையிலேயே நடக்கலாம். காட்டுப் பொருள் மீது பழங்குடி மக்களுக்கு உள்ள உரிமையை 2006ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டம் ஒப்புக்கொண்டது. பட்டாவும் சமுதாய உரிமையும் கைக்கு வந்து சேர்ந்தால் கூட்டுறவுச் சங்கம் வைத்து அவர்களே விற்கலாம். காலை ஷிப்டுக்கு முன்னால் மலையிலிருந்து ஒரு பஸ் இறங்கி, வேலை முடிந்த பிறகு ஒரு பஸ் ஏறினால், ஊரை விட்டே போகாமல் பாதிப் பேர் கீழே வேலை பார்த்துத் திரும்ப முடியும். இதற்கு நிபுணர் குழு எதுவும் வேண்டாம். பஸ் டிப்போவின் நேர அட்டவணையும் ஆலையின் ஷிப்டு நேரமும் ஒரே மேஜையில் வைத்துப் பார்க்கப்பட்டால் போதும். சங்கங்கள் அடுத்த கோரிக்கைப் பட்டியலில் பஞ்சப்படிக்குப் பக்கத்திலேயே இதை எழுத வேண்டும். கரும்பு வெட்டும் தோழருக்கு ஓய்வு மாதப் படி என்ற கோரிக்கையை ஆலைக்குள் இருக்கும் தோழர்களே முதலில் எழுப்பினால் அதற்குத் தனி பலம் உண்டு. அவர்கள் அதை ஒரு முறை வென்று காட்டியவர்கள்.

கடைசியாக, உடனே பயன்படுகிற ஒரு சமாச்சாரம். மராட்டியத்தில் ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன், விடியற்காலை மூன்று மணி ஷிப்டுக்காக வீட்டிலிருந்து புறப்பட்டு, ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கையில் விபத்தில் இறந்தார். இது நடந்தது 2003இல். கேட்டுக்கு வெளியே நடந்த சாவு என்று நஷ்டஈடு மறுக்கப்பட்டது. குடும்பம் விடவில்லை. 2025 ஜூலையில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொன்னது: வேலைக்குப் போகும் வழியில் நேர்ந்த விபத்துக்கும் வேலைக்கும் நேரம், இடம், சந்தர்ப்பம் ஆகியவற்றால் தொடர்பு இருந்தால், அது வேலையில் நேர்ந்த விபத்தே. இருபத்திரண்டு வருஷம் ஆயிற்று. ஆனாலும் வழிநடை வேலையோடு சேர்த்தி என்று எழுதி வாங்கியாயிற்று. இ.எஸ்.ஐ. தொழிலாளிக்கு 2010இலேயே இந்தப் பாதுகாப்பு வந்துவிட்டது. ஆகவே வழியில் விபத்து நேர்ந்தால் “ரோட்டில்தானே” என்று விட்டுவிடாதீர்கள். ஷிப்டு நேரத்தைக் காட்டும் தாள், வருகைப் பதிவு, பஸ் டிக்கெட், போலீஸில் கொடுத்த புகாரின் நகல் ஆகியவற்றை பத்திரப்படுத்தி, காலம் தாழ்த்தாமல் சங்கத்தின் மூலம் மனுப் போடுங்கள். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றிப் போகும்போது விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸ் கம்பெனி பெரும்பாலும் கையை விரித்துவிடும். நடவுக்கும் அறுவடைக்கும் அழைக்க வருகிறவரிடம் கூலி பேசும்போதே, ஏறுவதற்கு முன்னால், எந்த வண்டி என்றும் கேட்டுவிடுங்கள்.